மனச்சான்றின் புண்

கி. பி. 1066ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, இங்கிலாந்தின் தென்கரைக்கு அணித்தாயுள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் இடத்திற் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. கடல் கடந்து வந்த நோர்மண்டிக் கோமகன் வில்லியம் ஒருபுறம். இங்கிலாந்து மன்னன் ஹரோல்ட் மறுபுறம். பொழுது சாய்வதற்குள் ஹரோல்ட் களத்தில் மடிந்தான். அவ்வாண்டின் இறுதியில் வில்லியம் முடிசூடினான். இவ்வளவும் பாடசாலைச் சரித்திர நூல்களிற் காணப்படுவது. அந்நூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்ற செய்தி ஒன்று உண்டு. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், வென்ற படையினருக்கென்றே திருச்சபை ஒரு கட்டளை பிறப்பித்தது. பாப்பரசரின் தூதுவராக வந்த எர்மென்பிரிட் என்னும் ஆயரின் பெயரால் அக்கட்டளை வழங்குகின்றது.

அக்கட்டளை கூறுவது இது. பெரும்போரில் ஒருவனைக் கொன்றதாகத் தன்னுள் அறிந்தவன், கொன்ற ஒவ்வோர் உயிருக்கும் ஓராண்டு தவம் செய்தல் வேண்டும். ஒருவனைக் காயப்படுத்தி, அவன் இறந்தானோ பிழைத்தானோ என்று அறியாதவன், அவ்வாறு தாக்குண்ட ஒவ்வொருவருக்கும் 40 நாள் தவம் செய்தல் வேண்டும். எத்தனை பேரை வீழ்த்தினோம் என்ற கணக்கே தெரியாதவன், தன் வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாளைத் தவத்துக்கென ஒதுக்குதல் வேண்டும். அன்றேல் ஆலயமொன்றைக் கட்டுதலோ ஆலயத்துக்கு மானியம் விடுதலோ வேண்டும். தூரத்தே நின்று அம்பெய்த வில்லாளருக்கு மூன்று தவக்காலங்கள் விதிக்கப்பட்டன. எய்த அம்பு யார் மார்பிற் பாய்ந்ததென்று அவர்கள் எவ்வாறு அறிவார்கள்?

இவர்கள் தோற்றவர்கள் அல்லர், வென்றவர்கள். அவர்களுடைய போர் நியாயமானதென்று அக்காலத்து நோர்மானிய நூலோர் எழுதினர்; பாப்பரசரின் ஆதரவும் அதற்கு இருந்ததென்றனர். அவ்வாறாயின், நியாயமான போரில் வென்று வந்த வீரனுக்குத் தவம் எதற்கு? இவ்வினாவிற்கு அக்கட்டளை விடை கூறவில்லை. கொன்றவன் கொல்லாதவனாக வீடு திரும்ப முடியாது என்பதை மட்டும் அது அறிந்திருந்தது. அதற்கு முன்னரே எபிரேயருடைய பழைய வேதாகமத்தில், போரிற் கொலை செய்தவன் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கித் தன்னைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டுமென்ற விதி காணப்படுகின்றது. வட அமெரிக்காவின் நவாஹோ மக்களிடையே, போரிலிருந்து மீண்டு வந்தவனுக்குப் பல நாள் நிகழ்த்தும் சடங்கு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னரும் வியட்நாம் போரின் பின்னரும் அது நிகழ்த்தப்பட்டது. பழைய சமுதாயங்கள் உளநூல் கற்றவையல்ல. ஆயினும், களத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வாசற்படி வேண்டும் என்பதை அவை மறக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு அந்த வாசற்படியை எடுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் போர்வீரர் பலர் கப்பலிலே திரும்பினர். அது பல நாட் பிரயாணம். உடன் போரிட்டவர்களோடு மேற்றளத்திலே இருந்து பேசவும், அழவும், மௌனமாகக் கடலைப் பார்த்திருக்கவும் அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. வியட்நாம் போரிலோ ஒவ்வொருவனுக்கும் பெரும்பாலும் 12 மாதத் தவணை. தவணை முடிந்த அன்று அவன் தன் குழுவினரைக் களத்திலேயே விட்டுத் தனியனாய் விமானம் ஏறினான். ஓரிரு நாட்களுக்குள் தாயின் சமையலறையில் வந்து நின்றான். உடுப்பு மாறியது, உள்ளே இருந்தவனுக்கு மாறுவதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

இவ்வாறு திரும்பியவர்களுட் பலர் பத்தும் இருபதும் ஆண்டுகள் கழிந்த பின்னரும் உறக்கமின்றித் தவித்தனர். அவர்களுக்கு வைத்தியம் செய்தவர்களுள் ஒருவர், பொஸ்டன் நகரத்து மனநோய் வைத்தியர் ஜொனதன் ஷே என்பவர். போரின் பேரச்சத்தால் உண்டாகும் மனநோயை அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1980ஆம் ஆண்டிலே தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்திருந்தது. குண்டு வெடித்த ஓசை நினைவில் மீளுதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், கனவில் அலறுதல் முதலியன அதன் குறிகள். ஷே தம்மிடம் வந்தவர்களிடத்தில் இக்குறிகளைக் கண்டார். ஆனால் அவற்றோடு அடங்காத வேறொன்றையும் கேட்டார். அவர்கள் சாவை எண்ணி நடுங்கியதைக் காட்டிலும், சரியானது எனத் தாம் நம்பியிருந்தது தம் கண்முன்னே காட்டிக்கொடுக்கப்பட்டதை எண்ணியே கொதித்தனர். காட்டிக்கொடுத்தவர் பகைவர் அல்லர். கட்டளையிடும் அதிகாரம் பெற்றிருந்த சொந்தத் தலைவர்.

இதனை விளக்குவதற்கு ஷே நெடுந்தூரம் பின்னோக்கிச் சென்றார். கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்திலே, வீரன் அக்கிலீஸுக்குப் படை அளித்த பரிசைச் சேனாதிபதி அகமெம்னன் தன் அதிகாரத்தாற் பறித்துக்கொள்ளுகிறான். அன்றிலிருந்து அக்கிலீஸின் நெஞ்சு சுருங்குகின்றது; கடைசியில், இறந்த பகைவனின் உடலுக்கும் மரியாதை செய்ய மறுக்குமளவுக்கு அவன் மிருகமாகின்றான். வியட்நாமிலிருந்து வந்தவர் கதையும் இதுவே என்று ஷே கண்டார். 1994ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலுக்கு ‘வியட்நாமில் அக்கிலீஸ்’ என்பதே பெயர். உள்ளத்தில் விழுந்த இவ்வடுவை ஒழுக்கத்தின் காயம் என்று ஆங்கிலத்தில் அவர்கள் வழங்குவர். தமிழில் அறப்புண் எனலாம். மனச்சான்றின் புண் எனின் இன்னும் விளக்கமாகும்.

2009ஆம் ஆண்டில் பிரெட் லிட்ஸ் என்பவரும் அவருடன் சேர்ந்த உளநூல் ஆராய்ச்சியாளரும் இக்கருத்தை விரித்தனர். தலைவன் செய்த துரோகத்தால் மட்டுமே இப்புண் உண்டாவதில்லை. தன் அறவுணர்வு கூடாது என்று விலக்கியதைத் தானே செய்தவனுக்கும், செய்யக்கண்டு தடுக்காமல் நின்றவனுக்கும், வெறுமனே சாட்சியாய் நின்றவனுக்கும் இது உண்டாகலாம் என்றனர். அச்சத்தால் வரும் நோயுடையவன், ‘எனக்கு என்ன நேருமோ’ என்று நடுங்குகின்றான். அறப்புண் பட்டவனோ, ‘நான் என்ன செய்தேன்’ என்று கேட்கின்றான். அக்கேள்வி முற்றிய நிலையில், ‘நான் இனி யார்’ என்று மாறுகின்றது. முன்னையது குற்றவுணர்வு, பின்னையது தன்னைத்தானே இழிந்தவனாகக் காணும் நாணம். குற்றவுணர்வு உடையவன் செய்ததைத் திருத்த வழி தேடுவான். நாணத்தில் விழுந்தவனோ மறைவதற்கு இடம் தேடுவான். இரண்டையும் ஒன்றென எண்ணி வைத்தியம் செய்வதிலே பயனில்லை.

எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவது நலம்.

1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் திகதி காலை, வியட்நாமின் குவாங் ஙாய் மாகாணத்து மை லாய் என்னும் குக்கிராமத்திற்குள் அமெரிக்கக் காலாட்படைக் குழுவொன்று புகுந்தது. பகைவரின் படையணி அங்கே இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே இருந்தவர்களோ காலையுணவு சமைத்துக்கொண்டிருந்த பெண்களும், முதியோரும், குழந்தைகளும். எதிர்த்துச் சுட்டவர் எவருமில்லை. நண்பகலுக்குள் அச்சிற்றூரும் அதன் அயலும் பிணக்காடாயின. இறந்தோர் 504 பேர் என்பது வியட்நாமியர் கணக்கு; 347 பேர் என்பது அமெரிக்க இராணுவம் பின்னர் ஒப்புக்கொண்ட கணக்கு.

அதே நேரத்தில் வானத்தில் ஒரு சிறு ஹெலிகொப்டர் வேவு பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. அதனை ஓட்டியவர் ஹியூ தொம்சன் என்னும் 24 வயது இளைஞர். உடனிருந்தோர் கிளென் அண்ட்ரியோட்டா, லோரன்ஸ் கோல்பர்ன் என்னும் இருவர். காயமுற்றுக் கிடந்த ஊராருக்கு உதவி வேண்டுமென்று புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டினார் தொம்சன். சற்று நேரத்திற் பார்த்தால், அடையாளம் காட்டப்பட்டவர்கள் கொல்லப்பட்டுக் கிடந்தனர். உதவிக்கென்று தாம் காட்டிய குறி கொலைக்குக் குறியாயிற்று என்பதை அவர் மேலிருந்து கண்டார். பின்னர், பதுங்குகுழி ஒன்றில் ஒளிந்திருந்த ஊராரை நோக்கிப் படையினர் நடப்பதைக் கண்டதும், இரு தரப்புக்கும் நடுவே தமது ஹெலிகொப்டரை இறக்கினார். ‘இவர்கள் அந்த மக்களைச் சுட்டால், நீங்கள் இவர்களைச் சுடுங்கள்’ என்னும் பொருள்படத் தம் துணைவருக்குக் கட்டளையிட்டார். சொந்த நாட்டுப் படையை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பச் சொல்லும் கட்டளை அது. வேறு ஹெலிகொப்டர்களை அழைத்து அந்த மக்களை ஏற்றி அனுப்பினார். அதன் பின்னர் பிணங்கள் நிறைந்த வாய்க்கால் ஒன்றில் ஏதோ அசைவதைக் கண்டு, அண்ட்ரியோட்டா இறங்கிச் சென்று, இறந்தோர் நடுவிலிருந்து உயிருள்ள குழந்தை ஒன்றை எடுத்து வந்தார். அக்குழந்தையை ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிட்டுத் திரும்பிய தொம்சன், தம் மேலதிகாரிகளிடம் நடந்ததைச் சினத்தோடு முறையிட்டார். அதன் விளைவாகவே எஞ்சிய கொலைகள் நிறுத்தப்பட்டன.

இத்தகைய ஒருவருக்கு மனச்சான்றிலே புண் ஏன் உண்டாக வேண்டும்? அவர் தீமை செய்யவில்லை, தடுத்தார். ஆயினும் அப்புண் அவரை விடவில்லை. இராணுவம் முதலில் வெளியிட்ட அறிக்கை, 128 பகைவரைக் கொன்ற வெற்றி என்று அந்நாளை வருணித்தது. தொம்சனுக்கு வீரப் பதக்கமொன்று வழங்கப்பட்டது. கடும் துப்பாக்கிச் சண்டைக்கு இடையிற் குழந்தையொன்றைக் காப்பாற்றியதற்காக என்று அதன் பத்திரத்தில் எழுதியிருந்தது. சண்டையே நடக்கவில்லை என்பதை அறிந்த அவர், அப்பதக்கத்தை எறிந்துவிட்டார். பொய் சொல்லிக் கொடுத்த மாலை, செருப்படியினும் கொடிது. 1969ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபின், அவர் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார். பாராளுமன்றக் குழுவொன்றின் தலைவரே, இவ்விடயத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் எவரேனும் உண்டென்றால் அவர் தொம்சனே என்னும் பொருள்படப் பேசினார். கொலை மிரட்டல்கள் தொலைபேசியில் வந்தன. செத்த பிராணிகளை அவர் வீட்டு வாசலிலே போட்டனர். தீய கனவுகளும், மதுப்பழக்கமும், முறிந்த மணவாழ்வும் அவர் பங்காயின. அண்ட்ரியோட்டாவோ மை லாய் நிகழ்ச்சி நடந்து மூன்று வாரங்களிற் போரில் இறந்துவிட்டார்.

கொலை செய்தவர் நிலை என்ன? பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தண்டனை பெற்றவர் ஒருவரே. 22 பேரைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட வில்லியம் காலி என்னும் அந்தச் சிறு அதிகாரி, ஆயுட்காலச் சிறைக்கு விதிக்கப்பட்டும், பெரும்பாலும் வீட்டுக் காவலிலேயே சில ஆண்டுகளைக் கழித்து விடுதலையானார். நிகழ்ச்சி நடந்து 41 ஆண்டுகளின் பின்னர், 2009ஆம் ஆண்டில், ஒரு சங்கக் கூட்டத்திலே எழுந்து, அந்நாளை எண்ணி வருந்தாத நாளில்லை என்று முதன்முறையாகப் பகிரங்கமாகக் கூறினார். அப்போதும், தாம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகவே சொன்னார். வருத்தமும் சாக்குப்போக்கும் ஒரே வாயிலிருந்து வந்தன. இது நடிப்பென்று கூறிவிடுதல் எளிது. உண்மையில், புண்பட்ட மனச்சான்று பேசும் மொழி இவ்வாறு குழறுவதே வழக்கம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஒருவன் மனம் வருந்துகின்றான் என்பதனால் அவன் செய்த குற்றம் குற்றமல்லாது போகாது. இறந்தவர்களின் கணக்கு, கொன்றவனின் கண்ணீரால் அழிவதில்லை. அறப்புண்ணைப் பற்றிப் பேசுவோர் சிலர், கொன்றவனின் துயரில் ஆழ்ந்து, கொல்லப்பட்டவரை மறந்துவிடுவதுண்டு. அது பெரும் பிழை. நீதிமன்றத்தின் வேலை வேறு. வைத்தியரின் வேலை வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

இப்புண் உடையவர் நடத்தை வெளியிலிருந்து பார்ப்போருக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. நல்லது எதையும் ஏற்க மறுப்பார்கள். பதவி உயர்வு வந்தால் ஒதுங்குவார்கள். வீட்டில் விழா என்றால் வெளியே போய்விடுவார்கள். சொந்தக் குழந்தையைத் தூக்குவதற்குக் கை கூசுவோரும் உண்டு. அக்கைகள் செய்தது அவர்களுக்குத் தெரியும். ‘நாட்டுக்காக உழைத்தீர்கள்’ என்று எவரேனும் பாராட்டினால், அவர்கள் முகம் இருளும். ‘உங்கள்மேற் பிழையில்லை, வேறு வழியில்லையே’ என்று மனைவி தேற்றினால், அத்தேறுதலும் அவர்களைத் தனிமைப்படுத்தும். பிழையில்லை என்பவர், நடந்ததைக் கேட்க விரும்பாதவர் என்றே அவர்கள் கருதுகின்றனர். ஒருவாறு அது உண்மையுங்கூட.

ஆன்மீக வாழ்விலே இதன் விளைவு இன்னும் ஆழமானது. முன்னர் நாள்தோறும் கோயிலுக்குச் சென்றவன் வாசலோடு நின்றுவிடுகின்றான். கடவுள் தன்னை மன்னிக்க மாட்டார் என்று ஒருவன் எண்ணுகின்றான். இதனை நடக்கவிட்ட கடவுளைத் தான் மன்னிப்பதில்லை என்று மற்றொருவன் எண்ணுகின்றான். பிரார்த்தனை செய்ய நாவெழாமை இருவருக்கும் பொது. உலகம் ஒரு நியமத்தின்மேல் நிற்கின்றது, நல்லோர் என்று சிலர் உளர், தானும் அவர்களுள் ஒருவன் என்னும் மூன்று நம்பிக்கைகளின்மேற்றான் சாதாரண மனிதனின் வாழ்வு நடைபெறுகின்றது. மூன்றும் ஒருங்கே சரிந்தவனுக்குச் சமய வார்த்தைகள் அந்நிய பாஷை போல ஒலிக்கின்றன. அமெரிக்காவில் சில வைத்தியசாலைகளில் மனநோய் வைத்தியரோடு குருமாரும் சேர்ந்து இவர்களுக்கென்று பணி செய்வது இக்காரணத்தினாலேயே.

தமிழருக்கு இவ்விடயம் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஒரு கட்டளையிட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது, தன் தேவியின் சிலம்பில் உள்ள முத்து அங்கே இல்லை, மாணிக்கமே தெறித்தது என்று கண்டான். அவனைத் தண்டிக்கும் அதிகாரம் அவையில் எவருக்கும் இல்லை. தண்டனை உள்ளிருந்து எழுந்தது. அரியணையிலேயே வீழ்ந்து இறந்தான். கோப்பெருந்தேவியும் உடன் மாய்ந்தாள். இதிலே கவனிக்கத்தக்கது, பொய் சொன்னவன் நெஞ்சு வெடித்து இறந்ததாக இளங்கோவடிகள் கூறவில்லை என்பது. புண்பட்டவன், பொய்யை நம்பிக் கட்டளையிட்ட அரசனே. எந்த நெஞ்சில் நீதி என்னும் உறுப்பு உயிரோடிருக்கின்றதோ, அங்கேதான் அது நோகும். கதை அத்தோடு நிற்கவுமில்லை. அடுத்து வந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக அக்காவியத்திலே செய்தி உண்டு. ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரவர் கழுத்து! தன் குலத்தின் குற்றவுணர்வைத் தாங்கமாட்டாத அரசன், அதனை வேறொரு கூட்டத்தின்மேல் இறக்கி வைத்தான். இன்றளவும் உலகில் இது நடைபெறுகின்றது.

மௌரியப் பேரரசன் அசோகன் கலிங்கப் போரின் பின்னர் வருந்தியதை அறியாதார் இல்லை. அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனம், ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று அவன் வாயாலேயே கூறுகின்றது. வென்ற அரசர் எவரும் தம் வெற்றியைப் பற்றி இவ்வாறு கல்லில் வெட்டியதாக அதற்கு முன் கேள்வியில்லை. ஆயினும், அச்சாசனம் பல தேசங்களில் வெட்டப்பட்டிருக்க, கலிங்கத்தில் மட்டும் அதனைக் காணோம். தௌலி, ஜௌகட என்னும் கலிங்கத்து இடங்களில் அதற்குப் பதிலாக வேறு சாசனங்களே உள்ளன. காரணம் அரசியலாயிருக்கலாம். எனினும், உலகம் முழுவதற்கும் சொல்லத் துணிந்ததை, இழந்தவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல அவன் துணியவில்லை என்று எண்ணத் தோன்றுகின்றது. மனத்துயரை ஊருக்கு உரைப்பது ஒன்று. புண்படுத்தப்பட்டவன்முன் நின்று உரைப்பது முற்றிலும் வேறு.

இலங்கையின் மகாவம்சத்திலும் இத்தகைய காட்சி ஒன்றுண்டு. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, அரண்மனை மேன்மாடத்திலே சகல போகங்களோடும் அமர்ந்திருந்தும், அழிந்த சேனைகளை எண்ணி இன்பம் காணமாட்டாதவனாயினான் என்று அந்நூல் கூறுகின்றது. அவனைத் தேற்றவந்த தேரர்கள் சொன்ன ஆறுதலைக் குறித்துப் பிற்கால அறிஞர் பலவாறு விவாதித்துள்ளனர். இறந்தோரின் தொகையைச் சிறிதாக்கிக் காட்டும் ஆறுதல் அது. இவ்விடத்து நோக்கத்தக்கது அவ்வாறுதலன்று, அரசனின் உறக்கமின்மையே. தான் கொன்ற எல்லாளனுக்குச் சமாதி எழுப்பி, அதனருகே செல்வோர் மரியாதை செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டவனும் அவனே என்று அதே நூல் உரைக்கின்றது. தேரர்களின் ஆறுதலைக் காட்டிலும் அக்கட்டளையே அவன் புண்ணுக்கு மருந்தாயிருந்திருக்கும்.

போர்க்களம் மட்டுமே இப்புண்ணின் பிறப்பிடமன்று. சரியானது இன்னதென்று அறிந்தும், அதனைச் செய்ய நிறுவனத்தின் விதிகள் இடங்கொடாதபோது தாதியருக்கு உண்டாகும் மனவேதனையை அன்ட்ரூ ஜேமிற்றன் என்னும் அமெரிக்க அறநூலாசிரியர் 1984ஆம் ஆண்டிலேயே எழுதினார். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவிய காலத்தில், சுவாச இயந்திரம் ஒன்றிருக்க நோயாளர் பலர் இருந்த வைத்தியசாலைகளில், யாருக்கு அதனைக் கொடுப்பது என்று வைத்தியர்கள் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. இறக்கும் தாயின் கையைப் பிடிக்க மகனை உள்ளே விடாதிருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் விதியை மீறவில்லை. விதியைக் கைக்கொண்டமையே அவர்களை உறுத்தியது. பிரித்தானிய மருத்துவ இதழொன்று அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அறப்புண்ணைக் குறித்து எச்சரித்தது. பாடசாலைகளிலும் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். மேலிடத்துக் கட்டளைக்காக, தகுதியுள்ள ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு இடமில்லையென்று சொல்லித் திருப்பியனுப்பும் ஆசிரியர், இருபது ஆண்டுகளின் பின்னரும் அப்பிள்ளை படலையைத் திறந்து போன விதத்தை மறக்கமாட்டார்.

இனி, இதற்கு மருந்து உண்டோ என்னும் வினா. உறக்கத்துக்கு மாத்திரை கொடுக்கலாம், நடுக்கத்தையும் தணிக்கலாம். மனச்சான்றுக்கு மாத்திரை இல்லை. இருக்குமாயின் அது விரும்பத்தக்கதும் அன்று. லிட்ஸும் அவருடன் உழைத்தோரும் வகுத்த முறை ஒன்று கருதத்தக்கது. புண்பட்டவன், தான் மிக மதிக்கும் பெரியவர் ஒருவர், பழைய ஆசிரியரோ பாட்டனாரோ, எதிரே வெறும் நாற்காலியில் அமர்ந்திருப்பதாகப் பாவித்து, நடந்தது முழுவதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். பின்னர், அப்பெரியவர் என்ன விடை சொல்வார் என்பதையும் தானே தன் வாயாற் சொல்ல வேண்டும். வைத்தியர் தீர்ப்பு எதையும் கூறுவதில்லை. ‘பிழையில்லை’ என்று அப்பெரியவர் ஒருபோதும் சொல்லமாட்டார் என்பதைச் சொல்பவனே அறிவான். ஆயினும், ‘செய்தது பிழை; இனி உன் வாழ்நாளை என்ன செய்யப் போகிறாய்’ என்று அவர் கேட்பார் என்பதையும் அவன் மெல்ல மெல்லக் காண்கின்றான். அவ்விரண்டாவது வாக்கியம் வெளிவருவதற்குப் பலருக்கு நெடுநாட் செல்லும்.

அடுத்தபடி, ஈடுசெய்தல். கொன்ற உயிரை மீட்க முடியாது. முடிந்ததைச் செய்யலாம். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கர் சிலர் பிற்காலத்தில் அந்நாட்டுக்குத் திரும்பிச் சென்று, நிலத்திற் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றவும், பாடசாலைகளும் வைத்திய நிலையங்களும் அமைக்கவும் உதவினர். ஹேஸ்டிங்ஸ் வில்லாளருக்கு விதித்த தவத்துக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை; அன்று ஆயர் விதித்ததை இவர்கள் தாமே தமக்கு விதித்துக்கொண்டனர். ஆனால் ஒருவன் தனியே இருந்து செய்யும் தவத்தில் ஓர் ஆபத்து உண்டு. அதற்கு முடிவுநாள் இராது. எர்மென்பிரிட்டின் கட்டளை கடுமையானதேயாயினும், ஓருயிருக்கு ஓராண்டு என்று ஓர் எல்லை வகுத்திருந்தது. எல்லை முடிந்தபின் அவன் மீண்டும் மற்றவர்களோடு பீடத்தருகே நிற்கலாம். இன்றைய மனிதனுக்கு, ‘போதும், உள்ளே வா’ என்று சொல்ல அதிகாரமுள்ளவர் யார் என்பதே தெரியாமற் போயிற்று. அவனை அனுப்பிய சமுதாயம், தானும் அக்கொலையிற் பங்காளி என்பதை ஒப்புக்கொள்ளாமல், முழுப்பாரத்தையும் அவன் தலையில் வைத்துவிட்டு அவனை நோயாளி என்கின்றது. வைத்தியருக்குக் கட்டணம் கொடுத்துவிடுவதோடு அச்சமுதாயத்தின் கடன் தீர்ந்துவிடுமா?

மை லாய் நிகழ்ச்சி நடந்து 30 ஆண்டுகளின் பின்னர், 1998ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்க இராணுவம் தொம்சனுக்கும் கோல்பர்னுக்கும், இறந்துபோன அண்ட்ரியோட்டாவுக்கும் உண்மையான காரணத்தைக் கூறிப் பதக்கம் வழங்கியது. அதே மாதத்தில் தொம்சனும் கோல்பர்னும் அந்த ஊருக்குச் சென்றனர். அன்று அவர்களாற் காக்கப்பட்டவர்களுள் ஒரு பெண் தம்மிடம் வந்து கேட்டதைத் தொம்சன் பின்னாளில் ஒரு கூட்டத்திலே கூறினார். இக்கொடுமையைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று அவள் கேட்டாள். அது பழிவாங்கும் கேள்வி என்று எண்ணி அவர் நிலைகுலைந்தார். அவளோ பேச்சை முடிக்கவில்லை. வந்திருந்தால் நாங்கள் அவர்களை மன்னித்திருப்போமே என்றாள். அவர்களை மன்னிக்கும் அளவுக்குத் தாம் இன்னும் பெரிய மனிதராகவில்லை என்று தொம்சன் அக்கூட்டத்தினரிடம் சொன்னார். 2006ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் காலமானார். மரணப் படுக்கையின் அருகே கோல்பர்ன் இருந்தார்.